ஆற்றின் நடுவில் நின்ற குட்டி

ஒரு காட்டில், எழுதத் தெரிந்த முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, நிஜமாகத்தான். உடம்பு முழுக்க எழுதுகோலோடு பிறந்தவன் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

அவன் பெயர் சிலுப்பி. உதிர்ந்த தன் முள்ளில் ஒன்றை எடுத்துக்கொள்வான். தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் சிவப்பாகச் சாறு வருமே, அதில் தொட்டுக்கொள்வான். அகலமான தேக்கிலையைப் பரப்பி எழுத உட்கார்ந்துவிட்டால் பசி தெரியாது, எறும்பு கடிப்பது தெரியாது. அத்தனை ஆசை அவனுக்கு.

ஆனால் ஒன்றையும் முடிக்க மாட்டான்.

அவன் வளைக்குள் பாதிக் கதைகளாகவே கிடந்தன. ஒன்றில், தாகத்தோடு சுனைக்கு வந்த புலி குனிந்தபடி நின்றது. இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. இன்னொன்றில் குரங்குக் கல்யாணம். மணப்பெண் மாலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள், மாப்பிள்ளை கழுத்தை நீட்டியிருந்தான். அதற்குள் சிலுப்பிக்கு வேறு கதை தோன்றிவிட்டது.

காட்டுக்கோழிக்கு வாய் கொஞ்சம் நீளம். குஞ்சுகளோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வளை வாசலில் நின்று கேட்பாள்.

"ஏன் சிலுப்பி, அந்தப் பொண்ணு இன்னும் மாலையோடதான் நிக்குதா? பூ வாடிடப் போகுது, கொஞ்சம் தண்ணியாவது தெளிச்சு வை!"

"முடிவு நல்லா வரணும்ல அக்கா? அவசரப்பட்டா ஆகுமா?"

"கல்யாணத்துக்கு என்னடா நல்ல முடிவு? மாலையைப் போட்டா முடிஞ்சுது!"

குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று சிரிக்கும். சிலுப்பி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

அவனை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது புதுக் கதை தொடங்கினால் இலுப்பை மரத்தடியில் தொடக்க விருந்து நடக்கும். கரடி தேனடை கொண்டுவரும். அணில்கள் நெல்லிக்காய் உருட்டி வரும். கதையின் முதல் இலையைப் படித்ததும் எல்லாரும் ஆகா ஊகூ என்று ஆர்ப்பரிப்பார்கள். முடிவுக்கு விருந்து வைக்கும் வழக்கம் இல்லை. யாராவது முடித்திருந்தால்தானே வழக்கம் வர!

விருந்தில் முதல் பந்தியிலேயே உட்காருவது நரி. கதை அதன் காதில் ஏறாது. தேனடை வயிற்றில் இறங்கும்.

அந்தக் கோடையில் காட்டின் மேற்குச் சரிவில் தீப்பிடித்தது. மருதாயி என்ற சருகுமான் தன் ஒரே குட்டியை அந்தப் புகையில் தொலைத்துவிட்டாள். சருகுமான் தெரியுமா? முயல் அளவுதான் இருக்கும், காய்ந்த இலைக்குள் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. தேடித் தேடிப் பார்த்தாள். குட்டியும் கிடைக்கவில்லை, குட்டியின் எலும்பும் கிடைக்கவில்லை. அவளுடைய பின்னங்கால் தீயில் வெந்து புண்ணாகிப் போனது.

தீ அணைந்த பிறகு சிலுப்பி ஒரு புதுக் கதை தொடங்கினான். அதன் விருந்துக்கு மருதாயியும் வந்திருந்தாள். தீயில் அம்மாவைப் பிரிந்த குட்டி ஒன்று ஓடி ஓடி ஆற்றங்கரைக்கு வருகிறது. ஓர் ஆமை அதை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிறது. ஆற்றின் நடுவில் சுழல். ஆமை தள்ளாடுகிறது. குட்டி, "அம்மா!" என்று கத்துகிறது.

அங்கே நின்றது கதை.

மறுநாள் மாலை மருதாயி நொண்டிக்கொண்டே வளை வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, அந்தக் குட்டி கரை சேர்ந்துச்சா?"

"இன்னும் எழுதலைக்கா. பெருசா ஒண்ணு யோசிச்சுட்டு இருக்கேன்."

"சரி தம்பி, நாளைக்கு வரேன்."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள். அந்த ஒரு கேள்விதான்.

சிலுப்பி எழுதாமல் இல்லை. 'குட்டி கரை சேர்ந்தது' என்று எழுதுவான். படித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். இவ்வளவுதானா என்று காடே சிரிக்கும் என நினைத்து, இலையைக் கிழித்துப் போடுவான். முதலையைக் கொண்டுவருவான், பிடிக்காது. வானத்திலிருந்து கழுகைக் கொண்டுவருவான், அதுவும் பிடிக்காது. தொடங்கும்போது துள்ளிய கை, முடிக்கும்போது ஏன் நின்றுவிடுகிறது என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஒரு மாலை மருதாயி சொன்னாள்:

"பெருசா எல்லாம் வேணாம் தம்பி. கரையில அதோட அம்மா நின்னாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இப்பவே சொன்னா சுவாரசியம் போயிடும்க்கா."

மருதாயி நொண்டிக்கொண்டே திரும்பி நடந்தாள்.

அதன் பிறகு அவள் வரவில்லை. காட்டுக்கோழிதான் வந்தாள். அன்று கல்யாணப் பெண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"சிலுப்பி, மருதாயிக்குக் கால் புண்ணு முத்திப் போச்சுடா. புல்லு கடிக்க மாட்டேங்குறா. உன் கதை முடிஞ்சுதான்னு கேட்டுட்டே கிடக்குறா. ஒரு வரி போதுமாம். கொண்டு போய்க் குடுத்துட்டு வாடா."

சிலுப்பி உடனே முள்ளையும் சாறு நிறைந்த கொட்டாங்கச்சியையும் ஒரு பச்சை இலையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகிற வழியில் யோசிக்கலாம், அவள் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதிவிடலாம் என்று நினைத்தான்.

இலுப்பை மரத்தடியில் நரி வழிமறித்தது.

"அண்ணே! இலையோட கிளம்பிட்டீங்க? புதுக் கதையா?"

"இல்லடா. பழசை முடிக்கப் போறேன்."

"முடிக்கவா?" நரி முகத்தைச் சுளித்தது. "முடிச்சிட்டா அப்புறம் யாருண்ணே உங்களைத் தேடி வருவாங்க? அது இருக்கட்டும். நிலாவைத் திங்கப் போன யானைன்னு அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, அடடா! அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை. கரடிகிட்ட வேற தேனடை ரெடியா இருக்கு."

"மருதாயி அக்கா காத்துட்டு இருக்காங்கடா."

"எங்க போயிடப் போறாங்க? முதல் இலை மட்டும் படிச்சிட்டுப் போங்க. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

நிலாவும் யானையும் சிலுப்பியின் கண்ணுக்குள் வந்து நின்றன. முள் தானாகச் சாற்றில் இறங்கியது. மருதாயிக்கென்று எடுத்துவந்த இலையிலேயே யானை எழுந்து நடந்தது.

விருந்து கூடியது. ஆகா ஊகூ எழுந்தது. நரி தேனடையை நக்கிக்கொண்டே, "இதுக்கு மேல ஒரு கதை வருமா!" என்றது. கூட்டம் கலைந்தபோது, கோடையின் முதல் தூறல் விழத் தொடங்கியிருந்தது.

சிலுப்பி ஓடினான். மருதாயியின் சருகுப் படுக்கை அருகே காட்டுக்கோழி இறக்கையை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். குஞ்சுகள் அவள் அடியில் ஒண்டிக் கிடந்தன.

"அக்கா..." என்றான் சிலுப்பி.

"இப்பதான்டா." காட்டுக்கோழி மருதாயியின் பக்கம் தலையைத் திருப்பினாள். "காலடிச் சத்தம் கேக்குறப்பெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா. இந்த வாயாலதான் எத்தனை கதை அளக்குறேன்! கரை சேர்ந்துச்சுடின்னு நானே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உன் கதையாச்சே, நீ வந்து சொல்லுவேன்னு இருந்துட்டேன்."

மருதாயியின் கண் பாதி திறந்தே இருந்தது.

சிலுப்பி கீழே உட்கார்ந்தான். அங்கே கிடந்த சருகில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தான். முதலை தோன்றவில்லை, கழுகு தோன்றவில்லை. இப்படி எழுதினான்:

'சுழல் விட்டது. ஆமை கரை தட்டியது. குட்டி இறங்கி உடம்பை உதறியது. கரையில் அதன் அம்மா நின்றிருந்தாள்.'

நெல்லிக்காய் ஒன்றை மென்று விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை.

அதை மருதாயியின் காதருகே வைத்துப் படித்தான். மறுபடியும் படித்தான். எழுத்தின் மேல் தூறல் விழ விழச் சிவப்பு கரைந்து, சருகின் நரம்பு வழியே மண்ணில் இறங்கியது.

மழை விட்டதும் நரி வந்தது. சங்கதி கேள்விப்பட்டு உச்சுக் கொட்டியது.

"பாவம்ண்ணே. கேக்கிறப்பவே கண்ணு கலங்குது. இதையே ஒரு புதுக் கதையா ஆரம்பிச்சா என்ன? இலுப்பை மரத்தடிக்கு எல்லாரையும் கூப்பிடட்டுமா?"

சிலுப்பியின் உடம்பிலிருந்த அத்தனை முள்ளும் நிமிர்ந்தன. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

அன்று மாலை சிலுப்பி வளைக்குள் போய்க் குரங்குக் கல்யாணக் கதையை வெளியே எடுத்தான். மணப்பெண் மாலையைப் போட்டாள் என்று எழுதினான். சுனையில் நின்ற புலியைத் தண்ணீர் குடிக்க வைத்தான். காட்டுக்கோழி கேட்டுவிட்டு, "நல்லாயிருக்குடா" என்றாள். குஞ்சுகள் இறக்கையை அடித்துக் குதித்தன.

சிலுப்பி மட்டும் வளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நொண்டி நடக்கும் காலடிச் சத்தம் ஏதும் கேட்கவில்லை.

நீதி: ஒருவரைக் காக்க வைத்துத் தொடங்கியதை, அவர் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.