இசக்கிமுத்து என்ன சொன்னார்?

நான் நேரில் பார்க்கவில்லை. தாலுகா அலுவலகத் தட்டச்சர் சொல்லிக் கேட்டது.

கல்குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊராரை யாரும் பேசவிடவில்லை. குவாரி வந்தால் மாடத்தியின் கிணறு வற்றிவிடும். பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் அவள் மட்டும் நின்றாள்.

“பங்கேற்றோர்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னய்யா?”

அதிகாரி எரிந்து விழுந்தார். “வந்து உட்காரணும், கேட்கணும், வாயைத் திறந்து கருத்துச் சொல்லணும். அதான் பங்கேற்பு. போடும்மா கையெழுத்தை!”

மாடத்தி பட்டியலில் விரலை வைத்தாள். “மூணாவது பேரு எங்க வீட்டுக்காரரு, இசக்கிமுத்து. போன தையில செத்துட்டாரு. இங்க வந்து என்ன சொன்னாருன்னு வாசிங்கய்யா, கேக்க ஆசையா இருக்கு.”

அதிகாரி பதிவேட்டை மூடினார்.

பிறகு அதை நானே பார்த்தேன். கூட்டம் செல்லாது என்று எழுதியிருக்கிறது. ஆனால் மூன்றாவது பெயரை யாரும் அடிக்கவில்லை.