மஞ்சள் பொட்டு வைத்த ஓணான்

நாகலிங்கம் மூட்டை கட்டிவிட்டார். பூரணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவார்.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வழுக்கைத் தலை, முறுக்கு மீசை, மூக்கு நுனியில் கோபம். பூரணிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அதனாலென்ன? ஊரை ஒட்டிய குன்றில் ஊர்வது, பறப்பது, வளை தோண்டுவது எல்லாவற்றையும் அவளைப்போல் அறிந்தவர் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. இவராகத்தான் தேடிவந்து சிஷ்யராகச் சேர்ந்தார். வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போது மீசை லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான்.

பக்கத்து மலைப் பள்ளிக்கூடத்தில் பிராணிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஓர் ஆள் கேட்டிருந்தார்கள். நாகலிங்கத்துக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆயுசெல்லாம் கொடி காட்டி ரயிலை அனுப்பியவர், இனியாவது நாலு பேர் உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கினார். ஆனால் பூரணி சரி என்றால்தான் அங்கே சேர்ப்பார்கள்.

"ஓணானைப் பத்தி முடிவு கண்டாச்சு, குருவே."

"என்ன முடிவு?"

"இந்தக் குன்று ஓணானெல்லாம் பொல்லாத சண்டைக்காரப் பயலுங்க. ஒண்ணையொண்ணு கண்டா ஆகாது. விரட்டி விரட்டிக் கடிக்குதுங்க."

"எது எதுன்னு எப்படி அடையாளம் கண்டீங்க?"

"புடிச்சு முதுகுல மஞ்சள் பெயிண்ட்ல ஒரு பொட்டு வச்சு விட்டுட்டேன். எம்மாந் தூரத்துல இருந்தாலும் பளிச்சுன்னு தெரியுமில்ல!"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து நீட்டினார். பூரணி வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அசையாதீங்க, தலையில எறும்பு ஊருது."

அவள் பின்னால் போய் எதையோ தட்டிவிட்டாள். உச்சந்தலையில் ஜில்லென்று இருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

"கடைத்தெருவுக்குப் போய்ப் பொரிகடலை வாங்கிட்டு வாங்க. தின்னுக்கிட்டே பேசுவோம்."

போனவர் திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. பொட்டலத்தைத் தொப்பென்று போட்டார்.

"சே! என்ன ஊர் இது! சின்னப் பசங்க கூட்டமாப் பின்னாலேயே வர்றானுங்க. பூக்காரம்மா முந்தானையால வாயைப் பொத்திக்குது. சலூன்காரன் சவரம் பண்றதை விட்டுட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். என்னடான்னு முறைச்சா, ஒருத்தனும் வாயைத் திறக்கல!"

"நீங்க முறைச்சா எவன் திறப்பான்? சரி, இதையும் ஒரு முடிவா எழுதிடலாமா? இந்த ஊர் ஜனங்களுக்குப் பொறவியிலேயே கிறுக்குன்னு?"

"தாராளமா எழுதலாம்! என் கண்ணால பார்த்தேனே!"

பூரணி அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள். இன்னொரு கண்ணாடியை அவர் தலைக்குப் பின்னால் உயர்த்திப் பிடித்தாள். வழுக்கையின் நட்டநடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு, தோசை மாதிரி பரந்து கிடந்தது.

மீசை படபடவென்று துடித்தது. நாகலிங்கம் கத்தத்தான் வாயெடுத்தார். அந்நேரம் பார்த்து வேலியில் ஓர் ஓணான் முதுகுப் பொட்டோடு தலைதெறிக்க ஓடியது. பொட்டில்லாத இரண்டு அதைத் துரத்திக்கொண்டு போயின. அவர் அதைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் கட்டிவைத்த மூட்டைமேல் கண் போனது. மனசு கனத்துவிட்டது.

"பாவம் குருவே, அதுங்க. அந்தப் பெயிண்ட் எப்போ போகும்?"

"தோல் உரியும்போது போகும்."

"எனக்குப் பரவாயில்ல, மண்ணெண்ணெய் இருக்கு." ஒரு நப்பாசை. "துடைச்சுக்கிட்டு நாளைக்குக் கிளம்பட்டுமா?"

"அதுங்க முதல்ல தோலை உரிச்சுப் போடட்டும். அன்னைக்கு நானே உங்களுக்குத் துடைச்சுவிட்டு பஸ் ஏத்திவிடுறேன்."