தமுக்குக்காரன் ஒச்சனும் வாய்ப்பூட்டு உத்தரவும்

செம்பட்டிக்கோட்டைக் கண்மாய்த் தண்ணீரைப் பாளையத்து மந்திரியான பிரதானி அனந்தப்பர், அரண்மனை உத்தரவென்று சொல்லித் தன் தோப்புக்குத் திருப்பிக்கொண்டார். ஊர் அதையே பேசியது. மனுஷன் தாம்தூமென்று குதித்து இன்னோர் உத்தரவு எழுதினார்: "இந்த நொடி முதல் அரண்மனை உத்தரவைப் பற்றித் தெருவில் எவன் வாய் திறந்தாலும் நாக்கை அறுப்போம்." பாளையக்காரரும் பாதித் தூக்கத்தில் முத்திரை வைத்தார்.

புது உத்தரவை ஏழு தெருவிலும் தமுக்கடித்துச் சொல்வது ஒச்சன் வேலை. முதல் தெருவில் கணீரென்று சொன்னான். இரண்டாம் தெருவில் தமுக்கை மட்டும் அடித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். கூட்டம் கூடிவிட்டது. பிரதானி பல்லக்கில் வந்து இறங்கினார்.

"சொல்லித் தொலைடா!"

ஒச்சன் மாட்டேனென்று தலையாட்டினான்.

"கொடு இங்கே!" ஓலையைப் பிடுங்கி, ஊரே கேட்கப் பிரதானியே வாசித்தார்.

சங்கதி எட்டியதும் பாளையக்காரர் இருவரையும் அரண்மனைக்கு அழைத்தார்.

"இது தெரு இல்லைங்கிறதால பேசுறேன் சாமி" என்றான் ஒச்சன். "முதல் தெருவுல சொன்னதுமே சட்டம் வந்திருச்சு. ரெண்டாம் தெருவுல நான் வாயே திறக்கல. திறந்தது யாருன்னு ஊரே பார்த்துச்சு."

"சட்டம் எனக்கில்லை!" என்று அலறினார் பிரதானி.

"'எவன்'னு எழுதுனது நீங்கதானே சாமி?"

பாளையக்காரர் வயிறு குலுங்கச் சிரித்து, ஓலையைக் கிழித்துப்போட்டார். "உத்தரவு ரத்துன்னு தமுக்கடிச்சுட்டு வா."

"அதுக்கு வேலையில்லை சாமி, பிரதானியே வாயைத் திறந்துட்டாரே. சன்னலைத் திறங்க."

திறந்தார். தெருவே பேசிக்கொண்டிருந்தது. பாளையக்காரர் கண்மாய்ச் சங்கதியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.