வடிவுக் கரடியும் கண்ணாடிப் பல்லுறையும்

மூங்கில்பாறைக் காட்டில் வடிவு என்றொரு பெண்கரடி இருந்தாள். அவள் சிரித்தால் பக்கத்து மலையில் மேயும் காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்படியொரு சிரிப்பு! அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்று போனது.

காரணம் ஒரு மந்தி. எல்லாரும் சுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மந்தி கிளையில் தொங்கியபடி வடிவின் வாயையே உற்றுப் பார்த்தது.

"ஏன் வடிவக்கா, மேல்பல்லு நடுவுல இவ்வளவு பெரிய சந்து விட்டிருக்கியே, வண்டிமாடு போகவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வடிவும் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாரும் போனபின் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தாள். மேல்வரிசையில் நடுவே இரண்டு பல் அளவுக்கு வெற்றிடம். கீழே ஒரு கோரைப்பல் சாய்ந்து கிடந்தது. அது மேலுதட்டில் குத்திக் குத்தி அங்கே ஒரு புண். ஆனால் வடிவுக்குப் புண் பெரிதாகத் தெரியவில்லை, சந்துதான் பெரிதாகத் தெரிந்தது. நாமும் அப்படித்தானே! வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு, அடுத்தவர் சிரித்த இடத்துக்கு மருந்து தேடுவோம்.

முதல் மழை பெய்தால் ஈசல் பறக்கும். அன்று காடே கூடி விருந்து சாப்பிடும். ஆட்டம், பாட்டம், சிரிப்பு!

"ஈசல் விருந்துக்குள்ள என் பல்லு வரிசையாகணும். இல்லேன்னா நான் வரவே மாட்டேன்!" என்றாள் வடிவு, தன் தோழி தாயம்மாளிடம். தாயம்மாள் ஒரு முள்ளம்பன்றி. பேச்சும் கொஞ்சம் முள்ளாகத்தான் இருக்கும்.

"ரெண்டு பிள்ளையப் பெத்து வளர்த்து அனுப்பியாச்சு. இந்த வயசுல பல்லுக்கு வைத்தியமாடி?"

"வயசானா பல்லு இல்லையா? சிரிப்பு இல்லையா?"

தாயம்மாள் யோசித்தாள். "அதுவும் சரிதான். ஆனா நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுப் போ!"

விசாரிக்க வடிவுக்குப் பொறுமை ஏது? அப்போது பார்த்து ஒரு கிளி கத்திக்கொண்டே பறந்து வந்தது.

"வாங்க! வாங்க! புன்னகை மாளிகைக்கு வாங்க! பல்லுக்குக் கண்ணாடி உறை! போட்டிருக்கிறதே வெளியில தெரியாது! கோணல் பல்லு நேராகும்! விலை ஒரே ஒரு தேனடை!"

வடிவு கிளியின் பின்னாலேயே ஓடினாள்.

புன்னகை மாளிகையை நடத்தியது ஒரு புனுகுப்பூனை. உள்ளே நுழையும்போதே கமகமவென்று வாசனை. வாசல் கிளையில் மயிலும் மைனாவும் கொக்கும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"பிரமாதமான வைத்தியம்!" என்றது மயில்.

"வலியே இல்ல!" என்றது மைனா.

"என் வாழ்க்கையே மாறிப்போச்சு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது கொக்கு.

வடிவுக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனை பேர் சொன்னால் பொய்யாக இருக்குமா?

புனுகுப்பூனை அவள் வாயைத் திறக்கச் சொல்லவேயில்லை. ஓர் இலையால் தன் வாயை மறைத்துக்கொண்டு தேனாகப் பேசியது. ஓர் உருண்டைக் களிமண்ணை நீட்டியது.

"இதை வீட்டுல வச்சுக் கடிச்சுக் கொண்டாங்க அக்கா. மத்ததை நான் பார்த்துக்கறேன்!"

"வாயைப் பார்க்க வேண்டாமா தம்பி?"

"உங்க முகத்தைப் பார்த்தாலே போதுமே! லட்சணமான முகம்!"

முகத்தைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்? வடிவு களிமண்ணைக் கடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். உறையும் தயாரானது. அப்புறம்தான் கதை தெரிந்தது. உறைக்கு ஒரு தேனடை. அதை வைக்கும் பெட்டிக்குத் தனியாக ஒன்று. வாசனைக்கு ஒன்று. சீக்கிரம் செய்ததற்கு இன்னொன்று! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குத்தான். வடிவு பொந்தில் சேர்த்து வைத்திருந்த தேனடையெல்லாம் காலி.

ஆனாலும் உறை பளபளவென்று இருந்தது. சந்து தெரிந்த இடத்தில் இரண்டு வெள்ளைக் கூழாங்கற்களைப் பூனை பதித்திருந்தது.

"ரெண்டு பக்கத்துப் பல்லும் நகர்ந்து வந்து சந்து மூடிக்கும். அதுவரைக்கும் கழட்டவே கூடாது. கழட்டினா நான் பொறுப்பில்ல!" என்றது புனுகுப்பூனை.

வடிவு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அடேயப்பா! யாரிது, வடிவக்காவா!" என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கேலி செய்த மந்திகூட இறங்கி வந்து பார்த்தது. வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சந்தோஷத்தில் பசித்தது. நேராகக் கறையான் புற்றுக்குப் போனாள். நகத்தால் புற்றைப் பிளந்தாள். உதட்டைக் குவித்து 'ஃபூ' என்று மண்ணை ஊதினாள், ஊதித் தள்ளியபின் 'உர்ர்ர்' என்று உறிஞ்ச வேண்டும். கறையான் கூட்டம் கூட்டமாக வாய்க்குள் வந்துவிடும். கரடிகளின் சாப்பாடு அப்படித்தான்.

உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை!

மறுபடி மூச்சைப் பிடித்து உறிஞ்சினாள். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கறையான்கள் அவளைப் பார்த்துவிட்டு நிதானமாக உள்ளே போயின.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. கோடைக் காட்டில் பழமும் இல்லை. வடிவின் வயிறு ஒட்டிக்கொண்டது. உறையின் விளிம்பு உரசி உதட்டுப் புண்ணும் பெரிதாயிற்று. அழுகையும் ஆத்திரமுமாகப் புன்னகை மாளிகைக்கு ஓடினாள்.

"சாப்பிட முடியலையே தம்பி!"

"அழகுன்னா கொஞ்சம் பட்டினி கிடக்கத்தான் வேணும் அக்கா! இன்னொரு தேனடை கொண்டாங்க. கல்லை மாத்திப் பெருசா வச்சுத் தர்றேன்!"

வடிவு தளர்ந்த நடையோடு தாயம்மாளிடம் வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நாலு பேர்கிட்ட விசாரின்னு சொன்னேனே, விசாரிச்சியா?"

"விசாரிச்சேனே! மயில் சொல்லுச்சு. மைனா சொல்லுச்சு. கொக்கு அழுதே சொல்லுச்சு!"

தாயம்மாள் முள்ளெல்லாம் சிலிர்க்க அவளைப் பார்த்தாள். "அடியே வடிவு! கொக்குக்கு ஏதுடி பல்லு?"

வடிவு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மயிலுக்கும் இல்லை. மைனாவுக்கும் இல்லை. கூவி அழைத்த கிளிக்கும் இல்லை!

"பல்லு வைத்தியத்தைப் பல்லு உள்ளவன்கிட்டக் கேளு. வா, காட்டுப்பன்றிகிட்டப் போவோம். போன வருஷம் அவன் பல்லு கோணலா இருந்துச்சு. இப்ப நேரா இருக்கு!"

காட்டுப்பன்றி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. கேட்டதும் உறுமியது.

"தேவாங்குகிட்டத்தான் செஞ்சுக்கிட்டேன். புளியமரப் பொந்துல இருக்காரு. ரொம்ப மெதுவு. கேள்வி கேட்டே கொன்னுடுவாரு. நடுவுல நான் சோம்பேறித்தனமா உறையைப் போடாம விட்டேன், பல்லு பழைய இடத்துக்கே ஓடிப்போச்சு. அவர் திட்டின திட்டு இருக்கே, இன்னும் காதுல கேக்குது! ஆனா பல்லு நேராயிடுச்சு. கிழங்கு தோண்டுறேன், நல்லாத் திங்கிறேன். சொன்ன விலைக்கு மேல ஒரு துளித் தேன் கேக்கல."

"இவன் புகழவே இல்லையே!" என்று வடிவு காதோடு சொன்னாள்.

"அதனாலதான் நம்பலாம்!" என்றாள் தாயம்மாள்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் புளியமரத்தடிக்குப் போனார்கள். தேவாங்கு ஒவ்வொரு கையாக எடுத்து வைத்து, மெல்ல மெல்ல இறங்கி வந்தது. வடிவின் எதிரே உட்கார்ந்து, இரண்டு பெரிய கண்ணாலும் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. வடிவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன வைத்தியரே, தேவாங்கு மாதிரி முழிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்க!"

"தேவாங்கு வேற எப்படிம்மா முழிக்கும்?"

வடிவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு! புளியமரமே அதிர்ந்தது. தேவாங்கு சட்டென்று எழுந்து அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

"அப்படியே திறந்து வையுங்க! அந்தக் கல்லு வச்ச உறையை முதல்ல கழட்டுங்க. ம். இப்ப இந்த மரத்தடிப் புத்துல சாப்பிட்டுக் காட்டுங்க."

"சாப்பிடவா? நான் வைத்தியத்துக்கு வந்திருக்கேன்!"

"எதை, எப்படிச் சாப்பிடுறீங்கன்னு தெரியாம பல்லுல கைவைக்க மாட்டேன்."

வடிவு புற்றைப் பிளந்தாள். ஊதினாள். உறிஞ்சினாள். 'உர்ர்ர்!' அம்மாடி, எத்தனை நாள் ஆயிற்று! கறையான்கள் சரசரவென்று வந்து விழுந்தன. வடிவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. புற்று காலியாகும் வரை அவள் தலையைத் தூக்கவேயில்லை.

தேவாங்கு கைகொட்டியது. "பார்த்தீங்களா! காத்தும் கறையானும் போற வழி அந்தச் சந்துதான். அது குறை இல்லம்மா, உங்க வாய்க்குள்ளேயே அருமையான இடம் அதுதான்! அதை மூடச் சொன்னா நான் செய்ய மாட்டேன். எத்தனை தேனடை குடுத்தாலும் செய்ய மாட்டேன்."

"அப்போ எனக்கு வைத்தியமே வேண்டாமா?"

"வலி எங்க இருக்கு?"

வடிவு திகைத்தாள். இதுவரை ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி! விரலால் உதட்டுப் புண்ணைக் காட்டினாள்.

"அந்தக் கீழ்க் கோரைப்பல்லு சாய்ஞ்சு குத்துது. அதை நேராக்கலாம். ஆனா ஈசல் விருந்துக்குள்ள முடியாது. பாதிதான் நகர்ந்திருக்கும். பல்லை நான் தள்ளுறதில்ல, கெஞ்சிக் கேக்குறேன். ஒவ்வொரு உறையும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தும், அப்புறம் அடுத்த உறை. புது உறை போட்டதும் ரெண்டு நாள் இறுக்கமா வலிக்கும். சாப்பிடும்போது கழட்டிடணும், கழுவிப் போட்டுக்கணும். எல்லாம் முடிஞ்சப்புறமும் தூங்கும்போது போட்டுக்கணும். இல்லேன்னா காட்டுப்பன்றி கதைதான்! எல்லா உறைக்கும் சேர்த்து ரெண்டு தேனடை. மாசாமாசம் கொஞ்சமா குடுத்தாப் போதும். யோசிச்சுட்டு வாங்க, அவசரமில்ல."

"யோசிச்சாச்சு!" என்றாள் வடிவு. "எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கு தாயம்மா? பாதிதான் நேராகும்னு சொல்றாரு, வலிக்கும்னு சொல்றாரு!"

"உண்மையைச் சொல்றாருடி, அதான்!"

தேவாங்கு தேன்மெழுகில் அவள் பல் அச்சை எடுத்தது. வெள்வேல மரத்துப் பிசினைக் காய்ச்சி, தும்பியின் இறகுபோல மெல்லிய உறை செய்தது. போட்டால் போட்டதே தெரியவில்லை. முதல் இரண்டு நாள் வலித்தது, மூன்றாம் நாள் வலி போனது. உதட்டுப் புண் ஆறியது. வடிவின் வயிறும் பழையபடி உருண்டது.

அடுத்தடுத்து உறைகள் மாறின. ஒரு சாயங்காலம் வானம் இருண்டு முதல் மழை கொட்டியது. மழை விட்டதும் புற்றெல்லாம் திறந்து ஈசல் கிளம்பியது! காடே கூடிவிட்டது. பாதி நேரான பல்லும் முழுச் சந்துமாக வடிவு நடுவில் நின்றாள். ஒரே உறிஞ்சில் ஒரு கூட்டம் ஈசலை உள்ளே இழுத்தாள். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று எல்லாரும் கூச்சலிட்டார்கள். வடிவு சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. அவள் சிரிக்கச் சிரிக்க மற்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விருந்து முடிந்ததும் தேவாங்குக்கு ஒரு பிடி ஈசல் எடுத்துக்கொண்டு வடிவும் தாயம்மாளும் புளியமரத்துக்குப் போனார்கள். அங்கே யாரோ ஒருவர் இலையால் வாயை மறைத்துக்கொண்டு, அடிமரத்தில் ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கமகமவென்று வாசனை!

"அட, மாளிகைத் தம்பியா! இங்க என்ன வேலை?" என்றாள் வடிவு.

புனுகுப்பூனை இலையை மெல்ல எடுத்தது. முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"வைத்தியரைப் பார்க்க வந்தேன் அக்கா. ரொம்ப நாளாக் கஷ்டமா இருக்கு."

"ஏன் தம்பி, உன் மாளிகையிலதான் உறை இருக்கே! ஒண்ணை எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே?"

புனுகுப்பூனை பதறிப்போய்ச் சொன்னது: "ஐயையோ! இது என் சொந்தப் பல்லாச்சே!"

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, விலையை மட்டும் கூவி அழைப்பவரை நம்பி வாயைக் கொடுக்காதீர்கள். வலி எங்கே என்று கேட்டு, முடியாததை முடியாது என்று சொல்பவரிடமே கொடுங்கள்.