வெள்ளைக் குறிமேல் தலைவர் நாற்காலி

ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானப் போட்டி நடத்தும் சங்கத்தின் தலைவர் தணிகாசலம். சென்ற ஆண்டு பார்க்க வந்த கூட்டம் பாதியிலேயே கலைந்துபோன கோபத்தை அவர், நாற்காலி வாடகைக்கு விடும் செவந்தியின்மீது காட்டினார்.

"இந்த வருஷம் ஒரு ஆள் எழுந்து போனாலும் அடுத்த வருஷம் உனக்கு ஆர்டர் கிடையாது!"

"யாரு ஜெயிக்கிறாங்கன்னே புரியலையாம், ஐயா. மைக்கில ரெண்டு வார்த்தை சொல்லலாமே?"

"விளக்கம் கிளக்கம் எதுவும் கூடாது! வாயைத் திறக்காம நாற்காலியைப் போடு. என் நாற்காலியை மட்டும் எல்லார் கண்ணிலும் படுற மாதிரி போடு."

"அப்படியே ஆகட்டும், ஐயா."

மைதானத்தின் நடுவே தரையில், உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாத வெள்ளைக் குறிக்கு மிக அருகில் இறங்கும் விமானமே வெல்லும் என்பது விதி. செவந்தி தலைவரின் சிவப்பு வெல்வெட் நாற்காலியைத் தூக்கிச் சென்று அந்தக் குறியின்மேல் வைத்தாள். முதல் விமானம் நாற்காலிக் காலை உரசி இறங்கியதும் அதை ஓட்டியவர் துள்ளிக் குதித்தார். கூட்டத்துக்கு விதி விளங்கிவிட்டது. அதன்பின் ஒருவரும் எழவில்லை, ஒவ்வொரு விமானத்துக்கும், "நாற்காலி! நாற்காலி!" என்று கத்தினார்கள்.

தலைவரின் விமானமோ புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. ஆயினும் வழக்கம்போல் அவரே ஒலிபெருக்கியில், "முதல் பரிசு, தணிகாசலம்!" என்று அறிவித்தார்.

"யோவ், நாற்காலி அங்க இருக்கு, உன் விமானம் மரத்துல இருக்கு!" என்று கூட்டம் கூவிச் சிரித்தது.

பரிசு கொடுக்க வந்திருந்த சிறப்பு விருந்தினரும் சிரித்துவிட்டார். கோப்பையை, நாற்காலிக் காலை உரசிய அந்த முதல் விமானத்தை ஓட்டியவரிடம் கொடுத்துவிட்டுச் செவந்தியிடம், "அடுத்த வருஷமும் நீதாம்மா. நாற்காலி அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

"அப்ப நான் எங்க உட்கார்றது?" என்று உறுமினார் தலைவர்.

செவந்தி கூட்டத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இங்க உட்காருங்க, ஐயா. இங்கிருந்து பார்த்தா யாரு ஜெயிச்சாங்கன்னு நல்லாத் தெரியுது."