கீரி அணைத்த பொத்தான்கள்

ஒரு காட்டில் எல்லாரும் கார்ப் பந்தயம் விட்டார்கள் என்றால் நம்புவீர்களா, பிள்ளைகளே? நிஜக் கார் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டுகிற விளையாட்டுக் கார். கரடி நடத்திய கூடத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டீயரிங், காலடியில் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும், எதிரே பெரிய திரை. திரையில் சாலைதான் ஓடும். ஆனால் ஓட்டுகிறவருக்கு வேர்த்துக் கொட்டும்.

இருக்கையின் பக்கத்தில் மூன்று பொத்தான்கள். ஒன்றைப் போட்டால் வளைவு வரும்போது பிரேக் தானே பிடிக்கும். இன்னொன்று சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, எந்தப் பக்கமாகப் போவது என்று சாலையில் பச்சைக் கோடு போட்டுக் காட்டும். காட்டில் எல்லாரும் மூன்றையும் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார்கள்.

அதில் கீரிதான் கெட்டி. ஒரு சுற்றை இரண்டே நிமிடத்தில் முடித்துவிடும். கூடத்துப் பலகையில் அதன் பெயர் உச்சியில் இருந்தது. அதை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால்தான் கீரிக்குக் காலைச் சாப்பாடே இறங்கும்.

இப்படி இருக்கும்போது உடும்பு ஓட்ட வந்தது. வந்த புதிதில் அதுதான் கடைசி. பிறகு நரியை முந்தியது. காட்டுப்பன்றியை முந்தியது. ஒருநாள் பார்த்தால், கீரிக்கு நேர் கீழே அதன் பெயர்!

"என்ன கீரியண்ணே, பின்னாடி யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குதா?" என்று சீண்டியது காட்டுப்பன்றி.

"கேக்குது, கேக்குது. உன் குறட்டைதான்" என்று கீரி சிரித்தது. உள்ளே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. 'நடக்கவே நாலு காலையும் பரப்புகிற பிராணி! அதற்கு இவ்வளவு பெயரும் புகழுமா?'

அந்தச் சமயத்தில் மலைக்காட்டிலிருந்து பெரிய பந்தயத்துக்கு அழைப்பு வந்தது.

"நம்ம காட்டிலிருந்து ரெண்டு பேர் போகலாம். மாசக் கடைசியில ஓட்டிப் பார்ப்போம். முதல் ரெண்டு பேர் மலைக்குப் போகட்டும்" என்றது கரடி. சொல்லிவிட்டுத் தேன் எடுக்கப் போய்விட்டது.

கீரிக்கு மலைக்குப் போக அவ்வளவு ஆசை. இரண்டு பேர் போகலாமே என்று அது நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்ததா? இல்லை. 'உடும்பு எனக்கு மேலே வந்துவிட்டால்?' என்பதே நினைப்பு.

உடும்பு எப்போதும் ஜன்னலோர இருக்கையில்தான் உட்காரும். மற்றதில் அதன் வாலை நீட்ட இடம் இல்லை. அது வெயில் காயப் போன நேரம் பார்த்து, கீரி அந்த இருக்கையின் மூன்று பொத்தான்களையும் அணைத்தது. மறுபடி போட முடியாதபடி வேலம்பிசினை வைத்து அமுக்கியது.

உடும்பு வந்து உட்கார்ந்தது. அமுக்கிப் பார்த்தது.

"கீரியண்ணே, பொத்தான் மூணும் அசைய மாட்டேங்குதே?"

"ஐயையோ! பழுதாயிருக்கும் தங்கச்சி. கரடி மாமா வேற ஊர்ல இல்ல. நீதான் கெட்டிக்காரியாச்சே, சமாளிச்சுக்கோ."

முதல் வளைவிலேயே உடும்பின் கார் பம்பரமாகச் சுற்றிச் சுவரில் மோதியது. காட்டுப்பன்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கீரி "அச்சச்சோ" என்றது. அன்றைக்கு அதற்கு இரண்டு மடங்கு பசி எடுத்தது.

ஆனால் உடும்பு பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை. தினமும் வந்தது. தினமும் மோதியது. எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று அதன் காலே மெல்ல மெல்லப் படித்துக்கொண்டது. பச்சைக் கோடு இல்லாததால் சாலையையே உற்றுப் பார்க்கப் பழகியது. சக்கரம் வழுக்கத் தொடங்கும்போதே அதற்குத் தெரிந்துவிடும்; ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பிக் காரை நேராக்கிவிடும்.

மாதக் கடைசியில் கரடி வந்தது. காடே கூடத்தில் கூடியது.

முதலில் மற்றவர்கள் ஓட்டினார்கள். அவர்களில் காட்டுப்பன்றிதான் முந்தியது. இரண்டு நிமிடத்துக்குப் பத்து நொடி அதிகம். அடுத்தது உடும்பு. இரண்டு நிமிடத்துக்கு நாலு நொடி குறைவு!

"அடி ஆத்தி!" என்று வாயைப் பிளந்தது காட்டுப்பன்றி.

கரடி உடும்பின் இருக்கையைக் குனிந்து பார்த்தது. "மூணும் அணைஞ்சிருக்கே! அதான் விஷயம். இந்தத் தானா பிடிக்கிற பிரேக் இருக்கே, அது பயந்தாங்கொள்ளி. வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிடிச்சுடும். நீ கடைசிவரைக்கும் வேகமா போய்ப் பிடிச்சிருக்கே, தங்கம்" என்றது. பிறகு கீரியிடம், "நீ வழக்கம்போல ஓட்டு, போதும். பன்றியை முந்திட்டா மலைக்கு நீயும் போகலாம்" என்றது.

கீரியின் காதில் அது ஏறவே இல்லை. பலகையின் உச்சியில் உடும்பின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். 'ஓஹோ, அணைத்தால் வேகமா? எனக்குத் தெரியாமல் போயிற்றே! நானும் அணைக்கிறேன், பார்!'

மற்ற இருக்கையில் ஏறியது. டக், டக், டக். மூன்றையும் அணைத்துவிட்டுக் கிளம்பியது.

வளைவு வந்தது. பிரேக் தானாகப் பிடிக்கவில்லை. வளைவில் ஒருநாளும் பிரேக்கை மிதித்துப் பழகாத கால், மிதிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கார் மணலில் பாய்ந்தது. மணலிலிருந்து ஏறியது, சக்கரம் வழுக்கியது, சுவரில் மோதியது. சுற்று முடிந்தபோது நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

கீரி துள்ளி எழுந்தது. "இது என்ன அநியாயம், கரடி மாமா! உடும்புக்கு நான் அணைச்சுப் பிசின் வச்சப்போ வேகம் வந்துச்சு. எனக்கு நானே அணைச்சா சுவரு வருது!"

கூடத்தில் எல்லாரும் கீரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ... அது பழுதில்லையா அண்ணே?" என்றது உடும்பு.

கீரி சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அதற்கே புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டது. அதற்குள் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

மறுநாள் உடும்பும் காட்டுப்பன்றியும் மலைக்குக் கிளம்பினார்கள்.

நீதி: பொறாமைக்காரர் பிறருக்குச் செய்யும் கெடுதல் பலிக்காமல் போகலாம், தன் கைக்கு எட்டியதைத் தானே தட்டிவிடுவது மட்டும் தவறாமல் பலிக்கும்.