சரி சொன்ன கல்லொட்டி

அந்தக் காலத்தில் ஆற்று மீன்களுக்கும் நம்மைப் போலவே பேச்சு இருந்தது, சலிப்பும் இருந்தது. ஆற்றுக்குள் ஒரு கல்லைப் போடுவதென்றாலும் அங்கே குடியிருக்கும் மீனைக் கேட்டுவிட்டுத்தான் போடுவது மனிதர்களின் வழக்கம். மீன் ‘சரி’ என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடியாது.

மலையடிவாரத்தில் ஓர் அருவி. அதற்கு மேலே, தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடும் இடத்தில் சுழியாயி என்ற கல்லொட்டி மீன் இருந்தாள். விரல் நீளம்தான் இருப்பாள். ஒவ்வொரு மழைக்கும் முட்டையிடுவாள். ஒவ்வொரு வெள்ளமும் அதை வாரிக்கொண்டு போய்விடும். எதிர்நீச்சல் போட்டுப் போட்டு அவளுக்கு உடம்பெல்லாம் அலுத்துவிட்டது. ஒரு வருஷமாவது குஞ்சுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அசந்து தூங்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தாள்.

அருவிக்குக் கீழே மடுவில் வெளிதேசத்துக் கெளுத்தி ஒன்று கிடந்தது. சீக்கிரம் வளரும் என்று யாரோ கொண்டுவந்து குட்டையில் விட்டது. மழையில் கரை உடைந்து ஆற்றுக்கு வந்துவிட்டது. பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. மேலே வர எத்தனையோ தரம் முட்டிப் பார்த்தது. அருவி அதை உருட்டிக் கீழே தள்ளிவிடும். அது விழும் சத்தம் கேட்டால் சுழியாயிக்குச் சிரிப்பு வரும்.

ஒருநாள் மேஸ்திரி சடையப்பன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.

“ஏனுங் அம்மணி, மடுவுக்குங் கீழ மலையிடுக்குல ஒரு அணை கட்டலாம்னு இருக்கறோம். தண்ணி இங்க வரைக்கும் ஏறி நிக்குமுங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா?”

“நிக்குமா? ஓடாதுங்களா?”

“குளமாட்ட நிக்கும். அருவியும் முழுகிப் போகுமுங்க. நல்லா யோசன பண்ணிச் சொல்லுங்க, அவசரமில்ல.”

“யோசிக்க எனக்குத் தெம்பில்லீங்க. இந்த இரைச்சல் நின்னாப் போதும். சரி, கட்டுங்க.”

அணை எழுந்தது. தண்ணீர் ஏறி ஏறி வந்து அருவியின் சத்தம் அடங்கியது. முட்டைகள் இட்ட இடத்திலேயே கிடந்தன, குஞ்சுகளும் பொரிந்தன. சுழியாயிக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று பட்டப்பகலில் படுத்து, பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள்.

கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு மீசை ஆடிக்கொண்டிருந்தது.

“அருவிய முழுக வெச்சு வழி விட்டீங்களே அக்கா, நல்லா இருப்பீங்க” என்றது கெளுத்தி, எதையோ மென்றுகொண்டே.

குஞ்சுகளில் பாதியைக் காணவில்லை. சுழியாயி அடித்துப் பிடித்துக்கொண்டு அணையோரம் நின்ற மேஸ்திரியிடம் ஓடினாள். “அணைய எடுத்துப்போடுங்க சாமி!”

அவர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் அலுத்துத்தான் போயிருந்தார். “நீங்க சரின்னு சொன்னதாலதானுங் கட்டுனேன். அதை மாத்த நான் யாருங்க?”

மிஞ்சிய குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்த மேல் ஓடைக்கு ஏறினாள். மறுபடியும் அதே எதிர்நீச்சல். கேட்க யாரும் வருவதற்கு முன்பே ஒரு கல்லில் வாயை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அன்று முதல்தான் அணை கட்டிய ஆற்றில் நின்ற தண்ணீரெல்லாம் வெளிதேசத்துக் கெளுத்திக்குச் சொந்தமானது. கல்லொட்டியோ, வாயை எடுத்தால் இன்னொரு தடவை ‘சரி’ என்று சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், ஓடும் தண்ணீரில் கல்லைக் கவ்வியபடியே கிடக்கிறது.